மூன்றாம் வரிசை, இடது ஓரம்

எங்களுக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது.
டுரியான் லாரிகள் சாலையோரம் நின்றால்
அது ஜூன்.
தைப்பிங்கில் பத்து நாள் மழை பெய்யாவிட்டால்
பத்திரிகையில் போடுவார்கள்.

ஐந்து பேர், நான்கு மணி நேர ரயில்.
யோகவதி நெத்திலிச் சம்பலோடு நாசி லெமாக் கட்டி வந்தாள்.
தாமோ மாற்றுச் சட்டைகூட எடுத்துவரவில்லை.
சியூ லிங் பையில்
குடை, காதடைப்பான், வயிற்று மாத்திரை.
சீலன் இரவு வேலை முடித்து நேராக வந்தவன்.
ஈப்போ வரை வாய் பிளந்து தூங்கினான்,
மடி நிறைய நாங்கள் உரித்துப் போட்ட
ஆரஞ்சுத் தோல்களோடு.

பங்சாரில் ஒரு மாடி.
படியேறும்போதே கீழ்க்கடையின் மீன் வறுவல் வாசம்
தலைமுடியில் உட்கார்ந்துகொண்டது.
நாற்பது வெள்ளி, ஒரு பானம் இலவசம்.
மேடை என்றால் ஒரு கம்பளமும் ஒரு மைக்கும்தான்.
முதலில் வந்தவர் மாமியாரைச் சொன்னார்.
அடுத்தவர் டோல் கட்டணத்தை.
மூன்றாமவர் கிள்ளான்காரர், மினுமினுக்கும் சட்டை,
தமிழையும் மலாயையும் ஒரே மூச்சில் விடுகிறவர்,
சிரிப்பு வராத இடத்தில் ஆள் தேடினார்.

"மூணாவது வரிச, இடது ஓரம்,
வெள்ளச் சட்ட அண்ணே, என்ன வேல?"

நான் சீலனின் முழங்கையை அழுத்தினேன்.
மூன்று பெண் பார்க்கும் படலங்கள்
இந்த ஒரு பதிலில் முடிந்து போயிருக்கின்றன.

"ஆஸ்பத்திரி."
"டாக்டரா?"
"இல்ல. டாக்டருங்க கைவிட்டப்புறம்
எங்கிட்ட அனுப்புவாங்க."

மைக் மட்டும் கீச்சிட்டது.
பனிக்கட்டி ஒன்று யாருடைய குவளையிலோ
இடம் மாறிப் படுத்தது.
அந்த மனிதர் வாயைத் திறந்து, மூடி, திறந்தார்.
சீலனுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"எங்க ரூமும் இப்படித்தான் அண்ணே.
ஏர்கோன் நல்லா இருக்கும்.
யாரும் சிரிக்க மாட்டாங்க."

மேசையைத் தட்டினார்கள். காலை உதைத்தார்கள்.
ஒரு கிழவர் இருமி இருமித் தண்ணீர் கேட்டார்.
பதினொரு தமிழ்ச் சொல் மட்டும் தெரிந்த சியூ லிங்
தாமோ மலாயில் சொல்லி முடித்ததும்
எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்தாள்.
அதற்கு ஒரு முறை எல்லோரும் சிரித்தார்கள்.
சீலன் தன் இலவச பானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பெட்டாலிங் தெருவுக்குப் பின்னால்
கூரை பாதி இல்லாத பழைய கடைவீடு.
நான்கு பேர் வாசித்தார்கள்.
என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியவில்லை,
யாரும் கேட்கவும் இல்லை.
பேஸ் கிட்டார் வைத்திருந்த பெண்
செருப்பைக் கழற்றிவிட்டு
கட்டைவிரலால் ஒரு கீழ்ச்சுரத்தை இழுத்தாள்.
நாற்காலியின் கால் வழியே அது ஏறி வந்தது.

சீலன் குவளையைக் கீழே வைத்தான்.
"இதுதான்."
"எது?"
"எங்க பெட்டி. ராத்திரி முழுக்க
இதையேதான் பாடிட்டு இருக்கும்."

அவள் அதை விட்டு எங்கெங்கோ போனாள்.
இவன் போகவில்லை. வாயை மூடியபடி
அந்த ஒன்றிலேயே நின்றான்.
பாட்டு சில இடங்களில் அவனோடு மோதியது,
சில இடங்களில் வந்து சாய்ந்துகொண்டது.
ஐந்து வருடம் வயலின் கற்ற எனக்கு
அது எந்தச் சுரம் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசி ரயிலைத் தவறவிட்டோம்.
விடியும்வரை மாமாக் கடையில் ரொட்டி.
தே தாரிக் கொண்டுவந்த பையனிடம்
தாமோ அந்த நகைச்சுவையைச் சொல்லிக் கெடுத்தான்.
"ஏர்கோன மொதல்ல சொல்லணும்டா" என்றான் சீலன்,
மாவு ஒட்டிய விரலோடு.

ஊர் திரும்பிய வாரம்,
அதிகாலை மூன்று பத்துக்கு,
அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு. எட்டு வினாடி.
பேச்சே இல்லை. உறுமல் மட்டும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன்.
கரப்பான் முட்டை, ரோசனத் தூள்.
முதல் இரண்டு தந்திகள் அறுந்திருந்தன.
நான்காவது இருக்கிறது.
கொஞ்சம் முறுக்கினால் வந்துவிடும்.